வீட்டுக்கு மாத்திரை

தல்லாகுளம், மதுரை
9-10-83

அன்புள்ள மாப்பிள்ளை வெள்ளைத்துரை அவர்களுக்கு நல்லகாமன் எழுதிக்கொண்டது. நானும் உங்கள் அக்கா சீனியம்மாளும் சுகம். நீங்கள் சுகமா, உரக்கடை எப்படி ஓடுகிறது, தங்கச்சி ஜெயக்கொடி சுகமா என்பதையெல்லாம் எழுதவும்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். உங்கள் மச்சானைத் திரும்பவும் பள்ளிக்கூடத்தில் போட்டுவிட்டார்கள். எங்கள் மருந்துக் கடைக்காரர் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு. நாங்கள் டிப்ளமா வாங்கி இருபது வருஷம் ஆகிவிட்டதாம். அன்றைக்குப் படித்த மருந்தில் பாதி இன்றைக்கு அலமாரியில் இல்லை, அலமாரியில் இருப்பதில் பாதி அன்றைக்குப் பிறக்கவே இல்லை, அதனால் மறுபடி படி என்கிறார்கள். கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் எதிர்க்கடைக்காரன் பெயர் கொடுத்துவிட்டான். முடித்தவர்களுக்குச் சான்றிதழ் உண்டு, அவன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவான். நான் சும்மா இருக்க முடியுமா?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். எனக்கு நாற்பத்து மூன்றிலேயே பெஞ்சில் முழங்கால் இடிக்கிறது. பக்கத்தில் வண்டியூர் சீதாராமன், தெப்பக்குளத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர், முதல் மணியிலேயே குறட்டை விட்டார். பாடம் எடுக்கிறவர் சூடாமணி அம்மாள். மருத்துவக் கல்லூரியில் மருந்துப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வந்ததும் ஒரு கேள்வி: "நேத்து உங்க கடைக்குக் கடைசியா வந்தது யாரு?" என்ன மருந்து விற்றோம் என்று எல்லோரும் சொன்னோம். யாருக்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மாள் சிரித்துக்கொண்டே கரும்பலகையைத் துடைத்தார்.

வேறு விசேஷம் இல்லை. பதில் போடவும்.

நல்லகாமன்

~

உசிலம்பட்டி
20-10-83

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு வெள்ளைத்துரை வணக்கம். கடிதம் கிடைத்தது. இங்கு எல்லோரும் சுகம். ஜெயக்கொடி சுகம். அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

நீங்கள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போவதை நினைத்து நான் கடையில் தனியாகச் சிரிக்க, யூரியா வாங்க வந்தவர் என்னைப் பார்த்துப் பயந்துபோனார். பரீட்சையில் தோற்றால் என்ன, நம் கடையில் மூட்டை தூக்கும் வேலை இருக்கிறது.

என் வயிறுதான் சரியில்லை. வீட்டில் மூன்று நாளாக அடுப்பு இல்லை. மாதாமாதம் நடப்பதுதான், ஓட்டல் சாப்பாடு. சாம்பாரில் என்ன போடுகிறானோ, என் கடைப் பூச்சிமருந்து தேவலை. வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பார்கள். நான் ஓட்டல்காரனுக்கும் கொடுத்து, வைத்தியனான உங்களிடமும் கையேந்துகிறேன். அந்த வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் அனுப்புங்கள்.

இன்னொன்று, முக்கியம். குலசாமியின் பொருள்கள் இருக்கிற சாமி பெட்டி பங்காளிகள் ஐந்து வீட்டுக்கும் முறை வைத்து வருவது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் முறை எங்கள் வீட்டுக்கு. தை கடைசி வெள்ளியில் பெட்டி ஊரில் அம்மா வீட்டுக்கு வந்துவிடும். மாசியில் சிவராத்திரி அன்று நான்தான் தலையில் தூக்கிக் கோயிலுக்குப் போக வேண்டும். பெட்டி இருக்கிற வரைக்கும் வீட்டில் பெண்கள் யாரும் தூரமாக இருக்கக் கூடாது. நாளைத் தள்ளிப்போட வருஷா வருஷம் நீங்கள் அனுப்புகிற சிவராத்திரி மாத்திரையை இந்தத் தடவை கூடுதலாக, தை பிறந்ததும் அனுப்பிவிடுங்கள். அம்மா இப்போதே ஞாபகப்படுத்தச் சொன்னார்.

இப்படிக்கு,
வெள்ளைத்துரை

~

மதுரை
7-11-83

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு. இங்கு சுகம். தங்கச்சி ஜெயக்கொடி சுகமா? வயிற்றுக்குப் பொடி பஸ்ஸில் கொடுத்தனுப்பினேனே, வந்ததா?

பெட்டி உங்கள் வீட்டுக்கு வருவது எங்களுக்கும் பெருமை. உங்கள் அக்கா கேட்டதும் சிவராத்திரிக்குக் கட்ட என்ன சேலை என்று ஆரம்பித்துவிட்டாள்.

நேற்று வகுப்பில் என் மானம் போனது. ஒருவர் கடைக்காரராக நிற்க வேண்டும், ஒருவர் மருந்து வாங்க வருகிறவராக நடிக்க வேண்டும். அம்மாளே கடைக்காரராக நின்றுகொண்டு என்னை வரச் சொன்னார். நமக்குத் தெரிந்த சரக்கு என்று நான் சிவராத்திரி மாத்திரையே கேட்டேன்.

"யாருக்குத் தம்பி?" என்றார்.

"வீட்டுக்குங்கம்மா."

"வீடு மாத்திரை சாப்பிடுமா?"

கூடமே சிரித்தது. குறட்டை சீதாராமன்கூட எழுந்துவிட்டார். அம்மாள் விடவில்லை. "வீட்டுல இருக்கவங்க ஏன் வரல? அவங்களுக்கு ரத்தக்கட்டு, மஞ்சக்காமாலை எதுவும் வந்துச்சா? கடைசியா எப்பத் தலைக்கு ஊத்துனாங்க?" என்று அடுக்கினார். தெரியாது என்றேன். "உங்களுக்கே தெரியலேன்னா நான் எப்படித் தம்பி கொடுக்குறது?" என்று கையை விரித்துவிட்டார்.

சீதாராமனுக்குக் கோபம். "இப்படியெல்லாம் ஆம்பளைகிட்டக் கேட்டா அடிச்சுப்புடுவான்மா. இல்லேன்னா அடுத்த கடைக்குப் போயிருவான்" என்றார். "போவான்" என்று அம்மாளும் ஒத்துக்கொண்டார்.

மாத்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பார்த்துக்கொள்ளலாம்.

நல்லகாமன்

~

உசிலம்பட்டி
24-11-83

மச்சான் அவர்களுக்கு வணக்கம். இங்கு எல்லோரும் சுகம். ஜெயக்கொடி சுகம்.

பொடி வந்தது, தீர்ந்தும் விட்டது. இந்த மாதமும் மூன்று நாள் ஓட்டல், மூன்று நாள் வயிற்றுக் கடுப்பு. அடுத்த பொட்டலத்தைப் பெரிதாகக் கட்டுங்கள்.

உங்கள் டாக்டரம்மா கெட்டிக்காரர்தான். ஆனால் கடை வைத்துப் பார்த்தால் தெரியும். நான்கூட இலையைக் கிள்ளிக்கொண்டு வராத யாருக்கும் பூச்சிமருந்து கொடுப்பதில்லை. நேற்று ஒருவரை "என்ன பயிரு, எத்தன நாளு, பூ விட்டுருச்சா, இலையக் காட்டுய்யா" என்று திருப்பி அனுப்பினேன். திட்டிக்கொண்டே போய் எடுத்து வந்தார். அது பருத்தி. இது குடும்பம். ரெண்டும் ஒன்றாகுமா?

பருத்தி விலை பரவாயில்லை. மழையும் ஏமாற்றவில்லை. தை பிறந்ததும் மாத்திரை வரட்டும்.

வெள்ளைத்துரை

~

மதுரை
18-12-83

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு. இங்கு சுகம். ஜெயக்கொடி சுகமா? அவசியம் எழுதவும்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இன்று வகுப்பில் அந்த மாத்திரையைப் பற்றியே பாடம். ஒரு பெண் முழுகாமல் இருக்கலாம் என்று லேசாகச் சந்தேகம் இருந்தால்கூட அதைக் கொடுக்கக் கூடாதாம். கொடுத்தால் இன்னொரு மோசம். மாத்திரையை நிறுத்திய பிறகும் தள்ளிப்போனால், மாத்திரை சாப்பிட்டதால்தான் தள்ளுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். உள்ளே ஒரு உயிர் இருப்பதே தெரியாமல், வருவதற்கு வேறு மாத்திரை கேட்பார்கள். கடைக்காரனும் கொடுப்பான். அதுதான் பெரிய ஆபத்து என்றார்.

மாப்பிள்ளை, முந்தின வருஷம் பங்குனியில் நீங்கள் எனக்கு ஒரு கார்டு போட்டீர்கள். சிவராத்திரி முடிந்து இத்தனை நாள் ஆகியும் சரியாகவில்லை, சரியாவதற்கு ஏதாவது அனுப்புங்கள் என்று. நான் அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து ஜெயக்கொடிக்கு வயிற்று வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்து அழைத்து வந்துவிட்டோம் என்று எழுதினீர்கள்.

அது என்ன வலி?

கேட்பது முறையா என்று தெரியவில்லை. ஆனாலும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷமாக அவளும் நீங்களும் ஒரு பிள்ளைக்காகப் போகாத கோயில் இல்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நல்லகாமன்

~

உசிலம்பட்டி
8-1-84

மச்சான் அவர்களுக்கு. எல்லோரும் சுகம்.

வேலை அதிகம், அதனால் உடனே எழுதவில்லை. நாற்றுக்கு உரம் கேட்டு ஆட்கள் நிற்கிறார்கள். பொங்கலுக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார். வரும்போது மாத்திரையைக் கையோடு கொண்டுவந்துவிடவும்.

வெள்ளைத்துரை

~

மதுரை
18-1-84

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு. பொங்கல் சீர் கொண்டுவந்து உங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டு, சுகமாக வந்து சேர்ந்தோம்.

மாத்திரையை மறந்துவிட்டேன் என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். மறக்கவில்லை. சட்டைப் பையிலேயே இருந்தது.

தங்கச்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் வந்தேன். அம்மா பக்கத்திலேயே இருந்தார். அம்மா எழுந்து போனால் நீங்கள் வந்தீர்கள். நீங்கள் கடைக்குப் போனதும் ஜெயக்கொடி காப்பி கொண்டுவந்து, "அண்ணே, கிளாசுல பரீட்சையெல்லாம் உண்டா?" என்று கேட்டாள். உண்டு என்றேன். "பெயிலாப் போயிராத. எங்களுக்குத்தான் கேவலம்" என்றாள். அப்போது எங்களைத் தவிர அங்கே யாரும் இல்லை. கேட்டிருக்கலாம். கூடப் பிறந்த அண்ணன் தங்கச்சியிடம் அதை எப்படிக் கேட்பது? மழை எப்படி என்று கேட்டேன். பஸ் ஏறிவிட்டேன்.

கேட்காமல் மாத்திரை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. நீங்கள் அவளுக்குப் புருஷன். நீங்கள் கேட்டு எழுதுங்கள், மறு பஸ்ஸில் அனுப்புகிறேன்.

நல்லகாமன்

~

உசிலம்பட்டி
24-1-84

மச்சான் அவர்களுக்கு.

நீங்கள் மறக்கவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அண்ணன் வீட்டிலிருந்து வருஷா வருஷம் வருவது பெட்டி வருகிற வருஷம் பார்த்து வரவில்லை என்று பங்காளிகளிடம் நான் என்ன சொல்வது? படித்தவர்கள் நாலு பேர் சேர்ந்து பேசினால் சாமி காரியத்தை நிறுத்திவிடலாமா?

மருந்துக் கடை இங்கேயும் இருக்கிறது. கேட்டேன், கொடுத்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஜெயக்கொடி பிப்ரவரி மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனதும் ஆரம்பிப்பாள். நீங்கள் கவலையை விடுங்கள்.

அந்தப் பங்குனி விஷயத்தைத் திரும்ப எழுத வேண்டாம். முடிந்தது முடிந்துவிட்டது.

வெள்ளைத்துரை

~

மதுரை
27-1-84

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு.

கோபம் நியாயம்தான். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. இந்தக் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரிக்காமல், தனியாக இருக்கும்போது படியுங்கள்.

உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் வயிறு சரியில்லை என்று எழுதினீர்கள். கார்த்திகையில் வயிற்றுக் கடுப்பு, பொட்டலத்தைப் பெரிதாகக் கட்டுங்கள் என்றீர்கள். மார்கழியில் ஒன்றும் இல்லை. கார்த்திகையில் நான் அனுப்பிய பொடி, பொங்கலுக்கு வந்தபோது பிரிக்காமல் உங்கள் அலமாரியிலேயே இருந்தது. கடைசியாக வந்த கடிதத்தில் அத்தனை கோபம், ஆனால் ஓட்டல்காரனைத் திட்டி ஒரு வரி இல்லை. அவனைத் திட்டாமல் நீங்கள் எனக்கு ஒரு மாதமும் எழுதியதே கிடையாது.

அதனால் உங்களையே ஒரு கேள்வி கேட்கிறேன். இது மச்சான் மாப்பிள்ளையிடம் கேட்கக் கூடிய கேள்விதான்.

நீங்கள் கடைசியாக எப்போது ஓட்டலில் சாப்பிட்டீர்கள்?

நன்றாக யோசித்துப் பாருங்கள். மூன்று நாள் அடுப்பு இல்லாத மாதம் கடைசியாக எது? இலையைப் பார்க்காமல் யாருக்கும் மருந்து கொடுக்காதவர் நீங்கள். மூன்றாம் தேதிக்குள் யோசியுங்கள் மாப்பிள்ளை. உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

நல்லகாமன்

~

ஊர்
5-2-84

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் ஜெயக்கொடி எழுதியது.

நான் கடிதம் எழுதுவது உனக்கு அதிசயமாக இருக்கும். எட்டாவது படித்தது மறந்துபோகவில்லை. இதுவரைக்கும் நான் எழுத வேண்டிய தேவை வரவில்லை, அவ்வளவுதான். ஜெயக்கொடி சுகமா என்று நீ கேட்பாய். ஜெயக்கொடி சுகம் என்று இவர் எழுதுவார். என்னைக் கேட்டு எழுதியதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஊருக்கு வந்து இறங்கினோம். இவர் மாத்திரை அட்டையைச் சாமி மாடத்தில் வைத்தார். உன் கடிதத்தையும் எடுத்து அது மேலேயே வைத்தார். என் மூஞ்சியைப் பார்க்காமல், "உங்க அண்ணன் என்னமோ எழுதியிருக்காரு. எனக்குக் கேக்க வாய் வரல. நீயே வாசிச்சுக்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். போனவர் கொல்லைப் பக்கமே நின்று மாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வாசித்தேன். ஓட்டல் சாப்பாடு என்று வந்த இடத்தில் சிரித்துவிட்டேன் அண்ணே. பிறகு அழுதேன்.

கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாள் தலைக்கு ஊற்றியதுதான். அதற்குப் பிறகு இல்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அந்தப் பங்குனியில் வந்தது வயிற்று வலி இல்லை. ஆஸ்பத்திரியில் நர்சம்மா எல்லாம் போன பிறகுதான் சொன்னார். வயிற்றில் இருந்தது எனக்கே தெரியாது. உன்னிடம் வயிற்று வலி என்று எழுதச் சொன்னது நான்தான். மாத்திரை அனுப்பியது நீ. தெரிந்தால் நீ கடையைப் பூட்டிவிடுவாய் என்று பயந்தேன். உன்னால்தான் போனதா, அதுவாகப் போனதா, எனக்குத் தெரியாது. நீயும் அதையே நினைத்துக்கொண்டு உட்காராதே. ஆனால் எனக்கு ஒரு கோபம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எனக்கென்று வந்த மாத்திரை. அத்தை கேட்டார், இவர் எழுதினார், நீ கட்டினாய். அதைப் போடுகிறவளிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை.

இந்தத் தடவை நாள் தள்ளியது தெரிந்ததும் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அம்புட்டுப் பேரும் சந்தோசப்படுவார்கள். பிறகு ஒன்றும் இல்லையென்று ஆனால் அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பார்ப்பார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு, போட்டதாகச் சொல்லி, கிணற்றில் எறிந்துவிடலாம் என்றுதான் வந்தேன். உன் கடிதத்தைக் கண்டதும் அந்தப் பொய் வேண்டாம் என்று பட்டது. அடுப்படிக்குப் போய் அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாசமா இருக்கவளுக்கு ஏதுடி தூரம்? இதுக்கா இந்த மாத்திர?" என்றார். எனக்குப் பொட்டில் அடித்தது போல் இருந்தது. பிறகு கொல்லைப் பக்கம் பார்த்து, "ஏலே வெள்ளத்துர! கூறு கெட்டவனே! ரெண்டு மாசமா வீட்டுச் சோறு திங்கிறியே, ஒனக்குத் தெரியலயாடா?" என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். இவர் மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார். கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை, "அந்த வருசமும் ஒனக்கு மாத்திர தேவப்பட்டிருக்காதுல்ல" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

பெட்டி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறது. என்னைக் குடம் தூக்க விடமாட்டேன் என்கிறார் அத்தை. நடக்கவே விடக் கூடாது என்று இவரும் கூடச் சேர்ந்துகொண்டார். இனிமேல் என்ன நடக்குமோ தெரியாது அண்ணே. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை பயப்படுவதற்கு எனக்குத் துணைக்கு ஆள் இருக்கிறது.

இனிமேல் என் உடம்பைப் பற்றிக் கேட்பதென்றால் என் பெயருக்கே கடிதம் போடு. மதினிக்கு என் அன்பு.

ஜெயக்கொடி

~

மதுரை
8-2-84

பெறுநர்: ஜெயக்கொடி அவர்கள், சாமி பெட்டி வீடு

அன்புள்ள தங்கச்சி ஜெயக்கொடிக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. உன் மதினி வாங்கிப் படித்து முடித்தாள்.

நேற்று ஒருவர் வந்து, வீட்டுக்குச் சிவராத்திரி மாத்திரை வேண்டும் என்றார். அவர்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். முறைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். அங்கேயும் அதையே சொன்னார்கள் போல. கொஞ்ச நேரம் கழித்து மனைவியோடு திரும்பி வந்தார். கேள்வி கேட்கும்போது என் நாக்கு நன்றாகக் குழறியது. அந்தம்மா குழறாமல் பதில் சொன்னார்.

இங்கு நாங்கள் சுகம்.

ஜெயக்கொடி, நீ சுகமா? பதிலை நீயே எழுது.

உன் அண்ணன்,
நல்லகாமன்